விழுவது யார் ராக்கெட்?

அன்புள்ள நண்பருக்கு,

உடன்குடியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். சீனாவில் ஜூச்சுவே-3 ராக்கெட் தீப்பிடித்து விழுந்ததை ஒருவர் வெற்றி என்கிறார், இன்னொருவர் தோல்வி என்கிறார், எது சரி? கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் நாட்டில் ‘தனியார் ராக்கெட் கம்பெனி’ என்றால் அது பேருக்குத்தானே? முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது அவ்வளவு லேசில் விடாது.

2025 டிசம்பர் 3 அன்று ஜியுச்சுவான் ஏவுதளத்திலிருந்து லேண்ட்ஸ்பேஸ் நிறுவனத்தின் ஜூச்சுவே-3 முதன்முறையாகப் பறந்தது. 66 மீட்டர் உயரம். அடியில் ஒன்பது எஞ்சின்கள். உடம்பு துருப்பிடிக்காத எஃகு. நம் வீட்டில் எவர்சில்வர் என்று புழங்கும் அதே குடும்பம்தான். அலுமினியக் கலவையைவிடக் கனம் என்றாலும் விலை மலிவு, சூட்டையும் நன்றாகத் தாங்கும். மேல் கட்டம் சுற்றுப்பாதையை அடைந்துவிட்டது. புது ராக்கெட் ஒன்று முதல் பயணத்திலேயே சுற்றுப்பாதைக்குப் போவது பெரிய காரியம். கீழ்க் கட்டம் பிரிந்து, திரும்பி, சுமார் 390 கிலோமீட்டர் தள்ளிக் கான்சு மாகாணத்தின் மின்சின் வட்டாரத்தில் அதற்கென்று போட்டுவைத்திருந்த தளத்தை நோக்கி இறங்கியது. குறி ஏறக்குறைய சரியாகவே இருந்தது. வேகத்தைத் தணிக்கக் கடைசியாக எஞ்சினை மூட்டியபோதுதான் கோளாறு. எரிந்துகொண்டே வந்து தளத்தின் ஓரத்தில் விழுந்து நொறுங்கிவிட்டது.

ஏற்றிச் செல்வதில் வெற்றி, இறக்கி நிறுத்துவதில் தோல்வி. இரண்டையும் ஒரே தலைப்பில் எழுத இடமில்லாததால் பத்திரிகைகள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டன. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன்-9 முதலில் பறந்தது 2010-இல். அதன் கீழ்க் கட்டம் முதன்முறையாகத் தரையில் நின்றது 2015 டிசம்பரில்.

இதில் எனக்கு அதிகச் சுவையாகப்பட்டது இருபது நாள் கழித்து நடந்தது. டிசம்பர் 23 அன்று அதே ஜியுச்சுவானிலிருந்து லாங் மார்ச்-12ஏ கிளம்பியது. இது அரசு நிறுவனத்தின் ராக்கெட். அதுவும் சுற்றுப்பாதையை அடைந்தது, அதன் கீழ்க் கட்டமும் பத்திரமாக இறங்கவில்லை. தனியாரும் அரசும் ஒரே பரீட்சையை ஒரே மாதத்தில் எழுதி, ஒரே கேள்வியில் கோட்டைவிட்டார்கள். அரசுக்கே சொந்தமாக இப்படியொரு ராக்கெட் இருக்கும்போது தனியார் எதற்கு?

இதற்குப் பதில் 2014-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு சீன அரசவை வெளியிட்ட ஓர் ஆவணம் விண்வெளித் துறையில் தனியார் முதலீட்டுக்குக் கதவைத் திறந்தது. அடுத்த ஆண்டே நிதித்துறையிலிருந்து வந்த சாங் சாங்வு லேண்ட்ஸ்பேஸைத் தொடங்கினார். பின்னாலேயே ஐஸ்பேஸ், கேலக்டிக் எனர்ஜி, ஸ்பேஸ் பயோனியர் என்று ஒரு வரிசை. சீன அறிவியல் கழகத்தின் மடியிலிருந்தே சிஏஎஸ் ஸ்பேஸ் என்றொரு ‘வணிக நிறுவனம்’ பிறந்தது. அதைத் தனியார் என்பதா, அரசின் வாரிசு என்பதா என்று அங்குள்ளவர்களுக்கே தெளிவில்லை. சீனப் பேச்சுவழக்கிலும் ‘வணிக விண்வெளி’ என்றுதான் சொல்வார்கள். ‘தனியார்’ என்று அழுத்திச் சொல்வதில்லை.

இந்தக் கம்பெனிகளுக்கு வேண்டிய ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நிலம், தொழிற்சாலை, சலுகைக் கடன், முதலீடு: இவற்றில் கணிசமான பங்கு மாகாண, நகர அரசுகளிடமிருந்து. தங்கள் ஊரில் ஒரு ராக்கெட் ஆலை வேண்டும் என்று இந்த அரசுகள் போட்டி போடுகின்றன. லேண்ட்ஸ்பேஸின் ஆலையும் எஞ்சின் சோதனைக் களமும் ஜெஜியாங் மாகாணத்தில் இருப்பது அப்படித்தான். 2024 முடிவில் தேசிய உற்பத்தி மேம்பாட்டு நிதியமே அதில் 90 கோடி யுவானைப் போட்டது. ஏவுதளமும் அரசுடையது. ஹைனான் தீவின் வென்சாங்கில் வணிக ராக்கெட்டுகளுக்கென்றே கட்டி, 2024 நவம்பர் 30 அன்று முதல் ஏவுதலைக் கண்ட தளத்தைக் கட்டியதும் அரசு நிறுவனங்கள்தான்.

பொறியாளர்கள்? அவர்களிலும் பலர் அரசு ஆய்வகங்களிலிருந்து வந்தவர்களே. 2018-இல் நடந்த ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். ஷியானில் உள்ள அரசு உந்துவிசை ஆய்வகத்தில் எஞ்சின் வடிவமைப்பில் இருந்த ஒருவர் வேலையை விட்டுவிட்டு லேண்ட்ஸ்பேஸில் சேர்ந்துவிட்டார். ஆய்வகம் தொழில் தகராறு மன்றத்துக்குப் போனது. இவர் போய்விட்டால் மனிதரை நிலவுக்கு அனுப்பும் திட்டமே பாதிக்கப்படும் என்கிற தோரணையில் மனு எழுதியது. அந்தத் தாள் எப்படியோ வெளியே கசிந்து இணையமெங்கும் பரவிவிட்டது. ஜனங்கள் கேட்ட ஒரே கேள்வி: அத்தனை முக்கியமான ஆள் என்றால் ஏன் இவ்வளவு சொற்பச் சம்பளம் கொடுத்தீர்கள்? ஆய்வகத்தால் அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ராக்கெட் பொறியாளர்கள் கட்சி மாறுவதுபோல் கம்பெனி மாறலாம் என்று நாட்டுக்கு அன்றுதான் தெரிந்தது.

பணத்திலும் இடத்திலும் ஆளிலும் அரசு இருக்கிறதே, அப்படியென்றால் இவர்களிடம் தனியாருடையது என்று என்னதான் இருக்கிறது? என் பதில் உங்களுக்குக் கொஞ்சம் குதர்க்கமாகப் படலாம். தோல்விதான். விழும் வேலையைச் சீன அரசு இவர்களிடம் குத்தகைக்கு விட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அங்கே ஒரு ராக்கெட் விழுந்தால் முன்பு என்ன நடக்கும் என்று பாருங்கள். 1996 பிப்ரவரி 15, சிச்சாங் ஏவுதளம். இன்டெல்சாட்-708 செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு லாங் மார்ச்-3பி முதன்முறையாகக் கிளம்பி, கிளம்பிய மாத்திரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து, சில விநாடிகளில் அருகிலிருந்த குடியிருப்புப் பக்கம் போய் மோதி வெடித்தது. ஆறு பேர் இறந்தார்கள் என்றது அரசு. அங்கிருந்த வெளிநாட்டவர் பலர் அதை நம்பவில்லை. இன்றுவரை அந்தக் கணக்கு தீரவில்லை.

2021 பிப்ரவரியில் ஐஸ்பேஸின் ஹைப்பர்போலா-1 விழுந்தது. சீனத் தனியாரில் முதலில் சுற்றுப்பாதையைத் தொட்டது (2019 ஜூலை 25) இதே ராக்கெட்தான். விழுந்த காரணத்தைக் கம்பெனியே விளக்கியது: வெப்பக்காப்புக்காக ஒட்டியிருந்த நுரைப்பஞ்சின் ஒரு துண்டு உரிய நேரத்தில் உதிராமல், பிறகு உதிர்ந்து, திசைதிருப்பும் துடுப்புகளில் ஒன்றில் போய்ச் சிக்கிக்கொண்டது, அது விடுபட்டபோது துடுப்பு வெடுக்கென்று திரும்பி ராக்கெட்டின் நிலை குலைந்தது. இப்படி ஒரு நுரைத் துண்டின் பயணத்தைப் பொதுவெளியில் சொல்லும் வழக்கம் அதற்கு முன் அங்கே பெரிதாக இருந்ததில்லை. அதே ராக்கெட் அந்த ஆகஸ்டிலும் 2022 மேயிலும் மறுபடி விழுந்தது. அடுத்தடுத்து மூன்று. கம்பெனி மூடப்படவில்லை. 2023 ஏப்ரலில் மீண்டும் பறந்தது.

லேண்ட்ஸ்பேஸின் கதையும் அப்படித்தான். 2018 அக்டோபரில் முதல் ராக்கெட் தோல்வி. 2022 டிசம்பரில் மீத்தேனில் ஓடும் ஜூச்சுவே-2 தோல்வி. 2023 ஜூலை 12 அன்று அதே ஜூச்சுவே-2 சுற்றுப்பாதையை எட்டியது. மீத்தேனும் திரவ ஆக்சிஜனும் எரித்து உலகில் முதலில் அங்கே போய்ச் சேர்ந்த ராக்கெட் அதுதான். அமெரிக்காவின் ஸ்டார்ஷிப்பும் டெரன்-1-ம் அந்த வசந்தத்தில் முயன்று தவறியிருந்தன. மீத்தேன் ஏன் என்றால், மண்ணெண்ணெயைப்போல எஞ்சினுக்குள் கரி பிடிக்காது. திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டிய எஞ்சினுக்கு அது பெரிய வரம்.

இன்னொரு கம்பெனிக்கு நேர்ந்த கோங்யி சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஹெனான் மாகாணத்தில் மலையடிவாரத்தில் உள்ள ஊர் அது. 2024 ஜூன் 30 அன்று ஸ்பேஸ் பயோனியர் தன் தியான்லாங்-3 ராக்கெட்டின் கீழ்க் கட்டத்தை அங்கே சோதித்தது. பறக்கவிடும் சோதனை இல்லை. ராக்கெட்டைச் சோதனை மேடையில் இறுகப் பிணைத்துவிட்டு, ஒன்பது எஞ்சின்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு அளவெடுப்பார்கள். அன்று பிணைப்பு கழன்றுவிட்டது. உடம்புக்கும் மேடைக்கும் இடையிலான இணைப்பில் கட்டமைப்புக் கோளாறு. போகக் கூடாத ராக்கெட் நிமிர்ந்தபடியே வானத்தில் ஏறியது. ஊர் ஜனங்கள் மாடியிலிருந்து கைபேசியில் எடுத்த படங்களில் அது தெளிவாகத் தெரிகிறது: ஏறுகிறது, வேகம் தளர்கிறது, ஒரு கணம் அப்படியே நிற்பதுபோல் தோன்றுகிறது, பிறகு கவிழ்ந்து மலைக்குள் விழுகிறது. ராக்கெட்டில் இருந்த கணினி தானாகவே எஞ்சின்களை அணைத்துவிட்டது. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி மலைப்பகுதியில் விழுந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அன்றே கம்பெனி அறிக்கை வெளியிட்டது. இவ்வளவு பெரிய அவமானத்துக்குப் பிறகும் கம்பெனி பிழைத்துக்கிடக்கிறது. ஓர் அரசு ஆய்வகத்தில் இது நடந்திருந்தால் எத்தனை நாற்காலிகள் காலியாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முழு வெளிப்படைத்தன்மை வந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. பல விபத்துகளின் காரணம் வருகிறது, சிலவற்றின் காரணம் வருவதே இல்லை. ஆனாலும் கட்சியின் மானம் போகாமல் ஒரு ராக்கெட் வெடிக்கலாம் என்கிற இடம் உருவாகியிருக்கிறது. அந்த இடத்துக்கு ஒரு சட்டப் பெயர் தேவைப்பட்டது, ‘வணிக நிறுவனம்’ கிடைத்தது.

விழுந்து எழுந்தாவது மறுபயன்பாட்டு ராக்கெட் செய்ய ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். முதலில், கிராமங்கள். சீனாவின் பழைய ஏவுதளங்களான ஜியுச்சுவான், தையுவான், சிச்சாங் மூன்றும் நாட்டின் உட்புறத்தில் இருக்கின்றன. பனிப்போர்க் காலத்தில் எதிரியின் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடமாகப் பார்த்துக் கட்டியவை. கடற்கரையில் கட்டியிருந்தால் கழன்ற கட்டங்கள் கடலில் விழும். இங்கே ஊர்களின்மேல் விழுகின்றன. 2024 ஜூன் 22 அன்று பிரான்சும் சீனாவும் சேர்ந்து செய்த எஸ்.வி.ஓ.எம். செயற்கைக்கோளைச் சுமந்து சிச்சாங்கிலிருந்து போன லாங் மார்ச்-2சி ராக்கெட்டின் கீழ்க் கட்டம் குய்சோ மாகாணக் கிராமம் ஒன்றின் அருகே மஞ்சள்-பழுப்புப் புகை கக்கியபடி இறங்கியது. படத்தில் ஜனங்கள் ஓடுகிறார்கள், ஒரு குழந்தையும் ஓடுகிறது. அந்தப் புகை ஹைட்ரசின் வகை எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும். இரண்டும் கொடிய நஞ்சு. கீழ்க் கட்டம் சொன்ன இடத்தில் வந்து நிற்குமானால் செலவு மிச்சமாவது ஒருபுறம் இருக்கட்டும், குய்சோவில் யாரும் ஓட வேண்டியிருக்காது. மறுபயன்பாட்டு ராக்கெட்டைப் பற்றிப் பேசும்போது நாம் டாலர் கணக்கு மட்டும் போடுகிறோம், அங்கே இந்தக் கணக்கும் இருக்கிறது.

அடுத்தது, வானத்தில் இடம் பிடிப்பது. ஸ்டார்லிங்கின் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் மேலே சுற்றிக்கொண்டிருக்க, சீனா இரண்டு பெரும் வலைகளைப் பின்னத் தொடங்கியிருக்கிறது. ஒன்று மத்திய அரசின் குவோவாங். ஏறக்குறைய 13,000 செயற்கைக்கோள்களுக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் 2020-லேயே துண்டு போட்டுவைத்திருக்கிறார்கள். இன்னொன்று ஷாங்காய் நகர அரசின் ஆதரவில் சியான்ஃபான். துண்டு போட்டால் போதாது, குறித்த கெடுவுக்குள் பத்தில் ஒரு பங்கு, பிறகு பாதி, பிறகு முழுதும் மேலே போயாக வேண்டும் என்பது ஒன்றியத்தின் விதி. 2025 முடிவில் இரண்டு வலைகளும் தலா நூற்றுச் சொச்சத்தில்தான் நின்றன. 2024-இல் நாடு முழுவதும் சேர்ந்து ஏவியது 68 முறை. ஸ்பேஸ்எக்ஸ் என்கிற ஒற்றைக் கம்பெனி அதே ஆண்டு 130 தடவைக்கு மேல். அரசின் லாங் மார்ச் குடும்பம் மட்டும் இரவு பகலாக உழைத்தாலும் இந்த இடைவெளி அடையாது. அவசரத்துக்கு விலையும் உண்டு. 2024 ஆகஸ்ட் 6 அன்று சியான்ஃபானின் முதல் பதினெட்டு செயற்கைக்கோள்களைக் கொண்டுபோன லாங் மார்ச்-6ஏ ராக்கெட்டின் மேல் கட்டம், வேலை முடிந்ததும் மேலேயே சிதறி நூற்றுக்கணக்கான துண்டுகளாகிவிட்டது.

விண்வெளிக் குப்பையால் சீனர்களும் அவதிப்பட்டார்கள். 2025 நவம்பர் 5 அன்று சீனாவின் தியாங்கோங் விண்வெளி நிலையத்திலிருந்து மூன்று வீரர்கள் ஷென்சோ-20 கலத்தில் திரும்ப வேண்டியிருந்தது. குப்பைத் துண்டு மோதியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. பார்த்தால் கலத்தின் சன்னலில் மெல்லிய விரிசல்கள். அதில் ஏற்றவில்லை. நவம்பர் 14 அன்று, அடுத்த குழுவைக் கொண்டுவந்த ஷென்சோ-21-இல் அவர்களை இறக்கினார்கள். அதனால் மேலே இருந்த புதுக் குழுவுக்கு இறங்கக் கலம் இல்லாமல்போனது. ஆளில்லாத ஷென்சோ-22-ஐ நவம்பர் 25 அன்று மேலே அனுப்பிய பிறகுதான் அந்தக் கவலை தீர்ந்தது. இதை அவர்கள் கையாண்ட நிதானத்தைப் பாராட்டத்தான் வேண்டும். இந்தக் கதையில் எந்த வணிக நிறுவனமும் கிடையாது என்பதையும் கவனியுங்கள்.

என் குத்தகைக் கணக்கு இங்கேதான் முழுசாகத் தெரிகிறது. நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935.3 கிராம் மண்ணை 2024 ஜூனில் கொண்டுவந்த சாங்இ-6, விண்வெளி நிலையம், 2030-க்குள் நிலவில் மனிதர் என்கிற இலக்கு, அதற்கான லாங் மார்ச்-10: எல்லாம் அரசிடம். நிலையத்துக்குக் குறைந்த செலவில் சரக்குக் கொண்டுபோக யோசனை சொல்லுங்கள் என்று 2023-இல் பொது அழைப்பு விட்டார்கள். தனியாரும் ஆவலோடு வந்தார்கள். அடுத்த ஆண்டு தேர்வான இரண்டு: சிங்சோ, ஹாவ்லாங். முன்னது அறிவியல் கழகத்தின் நிறுவனத்துடையது, பின்னது போர்விமானம் வடிவமைக்கும் செங்டு அரசு ஆய்வகத்துடையது. மூன்று தோல்வி கண்டு 2008-இல் நாலாவதில் மூச்சுவிட்ட ஸ்பேஸ்எக்ஸுக்கு நாசா அந்த டிசம்பரிலேயே 160 கோடி டாலர் சரக்கு ஒப்பந்தத்தைக் கொடுத்தது. அதை வைத்துத்தான் அந்தக் கம்பெனி எழுந்தது. சீனாவில் தோற்கும் உரிமை கிடைத்துவிட்டது. அந்த மாதிரி ஒப்பந்தம் இன்னும் கிடைக்கவில்லை. அதனால்தான் லேண்ட்ஸ்பேஸ் முதலானவை பங்குச்சந்தைப் பக்கம் ஓடுகின்றன. லாபம் காட்டாத விண்வெளிக் கம்பெனிகளுக்கும் ஷாங்காய்ச் சந்தை 2025-இல் வழிவிட்டிருக்கிறது. இனி விழும் ராக்கெட்டில் பொதுமக்கள் பணமும் சேர்ந்து விழும். அப்போது இந்தச் சகிப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் வருவதைப் பெருமையோடு எழுதியிருந்தீர்கள். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிய நாளில், நாளிதழ் விளம்பரத்தில் ராக்கெட்டின் உச்சியில் சீனக் கொடி வந்து பெரிய ரகளையானது நினைவிருக்கும். அந்தச் சிரிப்பு தீர்ந்த பிறகு யோசிக்க ஒன்று உண்டு. அங்கிருந்து தெற்கே போகப்போவது எஸ்.எஸ்.எல்.வி. என்கிற சிறிய ராக்கெட். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனால் இலங்கையைச் சுற்றி வளைத்துப் போக வேண்டும், இங்கே நேர்வழி. அந்த ராக்கெட்டைத் தயாரிக்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். கடைசிச் சுற்றில் இருந்த ஒரு கூட்டணியில் நம் சென்னை அக்னிகுலும் இருந்தது. முப்பரிமாண அச்சில் உருவாக்கிய ஒற்றைத்துண்டு எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனைப் பயணம் போன அதே அக்னிகுல். 2025 ஜூனில் முடிவு வந்தது: 511 கோடி ரூபாய்க்கு எச்.ஏ.எல். எடுத்தது. பொதுத்துறை.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நியூட்டனின் விதிகளில் ஒரு கணக்கும் கேட்டிருந்தீர்கள். கோங்யியை வைத்தே போடுங்கள். தியான்லாங்-3 சோதனையின் உந்துவிசை 820 டன் என்று கம்பெனி சொன்னது. எரிபொருளோடு கட்டத்தின் எடை 500 டன் என்றும், விநாடிக்கு 2.7 டன் எரிகிறது என்றும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எஞ்சின் முழு வேகத்தில் ஓடத் தொடங்கும்போது மேடையின் பிடியில் எவ்வளவு இழுவை? அது 400 டன்னைத் தாண்டுவது எத்தனையாவது விநாடியில்? எடை குறையக் குறைய இழுவை கூடும் என்பதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்